அச்சாரம் கைமாறும் முன்னே

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் அண்ணன் மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றான். காணிப்பாக்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, சாயங்காலம் சித்தூரிலிருந்து இன்னொரு பார்ட்டி வருகிறது, அதற்குள் ஒரு லட்சம் அச்சாரம் போட்டுவிடலாமா அத்தை என்றான். பத்திரம் பார்த்தாயா என்றேன். ஜெராக்ஸ் திங்கட்கிழமை தருவார்களாம். பேங்கில் எவ்வளவு கொடுப்பார்கள் என்றேன். கேட்க வேண்டும் என்றான். வீடு யார் பேரில் இருக்கிறது என்றேன். பதில் இல்லை.

அவனை உட்காரவைத்து, மோர் கொடுத்து, சொன்னதை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். சித்தூர்ப் பக்கம் புத்தலப்பட்டில் ஒரு வீட்டை வாங்கியிருக்கிறேன், ஒன்றைக் கைநழுவ விட்டிருக்கிறேன், இன்னொன்றை விற்பதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்ல வீட்டுக்கு வேகம் தேவை என்பது எனக்கும் தெரியும். அந்த வேகம் வீட்டைப் பார்த்த பிறகு வராது. அதற்கு முன்னால் செய்துவைத்த வேலையிலிருந்துதான் வரும்.

1. வீட்டைத் தேடும் முன் உங்கள் காகிதங்களைத் தேடி வையுங்கள்.

2004-ல் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு வந்தது. கிழக்குப் பார்த்த வாசல், பின்னால் கிணறு, கிணற்றடியில் கறிவேப்பிலை மரம். பெங்களூரில் மகனோடு போய் இருக்க முடிவு செய்த பெரியவர், நியாயமான விலைதான் சொன்னார். எனக்காகப் பத்து நாள் பொறுப்பதாகவும் சொன்னார். நான் கடனுக்கு அலைந்தேன். ஒரு நாள் சம்பளச் சான்று கேட்டார்கள். மறுநாள் ஃபார்ம் 16 கேட்டார்கள். அதையும் கொண்டுபோனால், ஒரு காகிதத்தில் அப்பா இன்ஷியல், இன்னொன்றில் கணவர் இன்ஷியல், இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு அஃபிடவிட் கொண்டுவா என்றார்கள். பதினோராம் நாள் பெரியவர் வேறொருவரிடம் அச்சாரம் வாங்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, சொன்ன வாக்குப்படி பத்து நாளும் பொறுத்தார். அந்தக் கறிவேப்பிலை மரம் இன்னும் நிற்கிறது. மதில் தாண்டி வாசனை வரும்.

ஆகவே இன்றைக்கே ஒரு ஃபைல் போடுங்கள். ஆதார், பான், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இரண்டு வருட ஃபார்ம் 16 அல்லது வருமான வரிக் கணக்கு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட். எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஆதாரில் ஆங்கிலம் என்று வளர்ந்த நமக்கு இது சாதாரணத் தொல்லை இல்லை. திருத்த வாரக்கணக்கில் ஆகும். மாங்காய் மண்டியிலோ வெல்ல வியாபாரத்திலோ சம்பாதிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வரிக் கணக்கு தாக்கல் செய்யாத வருமானத்தை பேங்க் பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. இரண்டு வருடம் கழித்துத்தான் வீடு என்றாலும் தாக்கலை இந்த வருடமே தொடங்குங்கள்.

ஃபைல் தயாரானதும் பேங்குக்குப் போய், எந்த வீட்டையும் காட்டாமலே, எவ்வளவு கடன் கிடைக்கும் என்று இன்-பிரின்சிபல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இறுதி அனுமதி இல்லை. ஆனால் விற்கிறவர் முன்னால் அதை எடுத்து வைத்தால், 'கேட்க வேண்டும்' என்று சொல்பவரைவிட நீங்கள் பத்து நாள் முன்னால் நிற்கிறீர்கள்.

2. விலையைவிடக் கைப்பணத்தை முதலில் கணக்கிடுங்கள்.

30 லட்சத்துக்கு ஒரு வீடு என்று வையுங்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. கொடுக்கலாம் என்பதுதான் விதி, கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. 80 சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடுங்கள். அதுவும் பேங்க் அனுப்பும் வேல்யூயர் போடுகிற மதிப்பில். நீங்கள் ஆசைப்பட்டுப் பேசிய விலை அதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

24 லட்சம் கடன் போக 6 லட்சம் உங்களுடையது. அதோடு ஆந்திரத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், டிரான்ஸ்ஃபர் டூட்டி 1.5, பதிவுக் கட்டணம் 1, ஆக 7.5 சதவீதம். 30 லட்சத்துக்கு 2.25 லட்சம். இந்த அளவு வீட்டுக்கு அது கடனில் சேராது, கையிலிருந்து கட்ட வேண்டும். வக்கீல், வேல்யூயர், மோட்டார் ரிப்பேர், பால் காய்ச்சும் செலவு எல்லாம் சேர்த்தால் 9 லட்சம் இல்லாமல் 30 லட்ச ரூபாய் வீட்டின் கதவைத் தட்டாதீர்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டித் தீர்வையை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்திரத்தில் இருக்கிற விலைக்குத்தான் பேங்க் கடன் கொடுக்கும். நாளை வழக்கு என்று வந்தாலும் நீங்கள் கொடுத்ததாக நிற்கப்போவது அந்த விலைதான்.

24 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 20,800 ரூபாய் சொச்சம். அந்தத் தொகையை இந்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டு, மீதியில் குடும்பம் நடத்திப் பாருங்கள். மூன்று மாதம் மூச்சுத் திணறாமல் போனால் உங்களால் கட்ட முடியும்.

3. சிபில் ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். எடுங்கள். மச்சானுக்கு ஜாமீன் போட்ட பைக் லோன் பாக்கி உங்கள் பேரில் நிற்கிறதா என்று பேங்க் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது.

4. அங்கணம் என்றால் எந்த ஊர் அங்கணம் என்று கேளுங்கள்.

திருப்பதிப் பக்கம் ஓர் அங்கணம் 36 சதுர அடி. நெல்லூர்ப் பக்கம் 72. அங்கணம் 36,000 ரூபாய் என்று தரகர் சொன்னால் திருப்பதிக் கணக்கில் சதுர அடி 1,000, நெல்லூர்க் கணக்கில் 500. சென்ட் 435.6 சதுர அடி, கஜம் 9 சதுர அடி. எந்த வீட்டைப் பார்த்தாலும் எல்லாவற்றையும் சதுர அடியாக மாற்றி ஒரே நோட்டில் எழுதுங்கள். பத்து வீடு எழுதியபின் ஒரு விலை சரியா தப்பா என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

5. வீடு பிடித்த அன்றைக்கே மூன்று விஷயம் பாருங்கள்.

பத்திர ஜெராக்ஸ், லிங்க் டாக்குமெண்டுகளோடு. அதைத் தரத் தயங்குகிறவரிடம் விலை பேச வேண்டாம். அதில் கதவு எண்ணோ சர்வே எண்ணோ கிடைத்ததும் ஈசி என்கிற வில்லங்கச் சான்று. ஆந்திரப் பதிவுத் துறைத் தளத்தில் 1983-லிருந்து நடந்த பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, அதே தளத்தில் 22-ஏ பட்டியல். பதிவுச் சட்டத்தின் அந்தப் பிரிவில் அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்று பதிவு செய்யக் கூடாத சொத்துகள் இருக்கும். உங்கள் சர்வே எண் அதில் இருந்தால் அன்றைக்கே அந்த வீட்டை மறந்துவிடுங்கள். பட்டியலிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்பவர் எடுத்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.

ஈசியைப் படிக்கும்போது யார் யாருக்கு விற்றார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அடமானம் என்று ஒரு வரி இருந்தால், அது தீர்ந்ததற்கான வரி கீழே இருக்க வேண்டும். பத்திரத்தை மட்டும் பேங்கில் கொடுத்து வாங்கிய கடன் சில சமயம் ஈசியில் வராது. அதனால் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 'லாக்கரில் இருக்கிறது' என்றால் கூடவே லாக்கர் வரை போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய பத்திரத்தில் செக்குபந்தியை, தூர்ப்பு படமர உத்தரம் தட்சிணம் என்று நான்கு பக்கத்தையும், வீட்டு முன்னால் நின்று படியுங்கள். மேற்கே தெரு என்று பத்திரம் சொல்கிற இடத்தில் இன்றைக்கு ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தால், அது யாருடையது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

6. எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எண்ணுங்கள்.

இதை நான் விற்கிறவர் பக்கம் நின்று பார்த்தவள். எங்கள் அப்பா பாகாலாவில் ரயில்வே வேலை பார்த்து, தன் சம்பளத்தில் ஓர் ஓட்டு வீடு கட்டினார். உயில் எழுதாமல் போய்விட்டார். 1996-ல் அண்ணனும் தம்பியும் அதற்கு விலை பேசி 40,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார்கள். வாங்குகிறவர் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் மட்டும்தான் பார்த்தார். எனக்குக் கல்யாணமாகி 14 வருடம். சீர் செய்து அனுப்பியாயிற்று, அதோடு கணக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். பதிவு நாளில் பத்திரம் எழுதுகிறவர் குடும்பச் சான்றை வாங்கிப் பார்த்து, 'பெண் பிள்ளை எங்கே?' என்று கேட்டாராம்.

மணியார்டர் வாங்கிக்கொண்டிருந்த என்னைக் கவுண்டரிலிருந்து ஆட்டோவில் அழைத்துப் போனார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தா பெஞ்சில் வாங்குகிறவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஏழெட்டு மாத வயிறு. மடியில் ஒரு மஞ்சள் பை, அதில் மீதிப் பணம். பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். வளையலை விற்ற பணம் அது என்று பிறகு தெரிந்தது. நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் மனத்தாங்கல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெண் கைக்குழந்தையோடு எத்தனை வாய்தாவுக்கு அலைந்திருப்பாளோ. அந்த 40,000-த்தில் பாதி அதற்குள் செலவாகியிருந்தது.

இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே சட்டம். பிதிரார்ஜிதத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமையை ஆந்திரத்தில் என்.டி. ராமாராவ் அரசு 1986-ல் சட்டமாக்கி, 1985 செப்டம்பர் 5 முதல் அமலாக்கியது. அன்று கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு அது கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் 1989-ல்தான் வந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் கல்யாணமான பெண்களையும் சேர்த்தது. 2005-ல் அப்பா உயிரோடிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதில் இருக்கிற தலைகளை எண்ணுங்கள். ஒருத்தி குடியாத்தத்தில் இருப்பாள், ஒருத்தி பெங்களூரில் இருப்பாள். அச்சாரத்துக்கு முன் ஒவ்வொருத்தியிடமும் நீங்களே போனில் பேசுங்கள். விற்பது தெரியுமா, சம்மதமா, உன் பங்கு உனக்கு வருகிறதா அம்மா என்று மூன்றாவதையும் கேளுங்கள். அது உங்கள் வேலை இல்லை என்று சொல்வார்கள். பங்கு கிடைத்தவள் பின்னால் வழக்குப் போட மாட்டாள் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் பங்கை விழுங்கிய வீட்டில் உங்கள் பிள்ளைகள் வளர வேண்டாம்.

பங்காளிகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும், வக்கீலைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் அனுப்ப வேண்டும். வெறும் ஜெனரல் பவரை வைத்தே வீட்டை விற்றுவிட்டதாகச் சொல்லும் காகிதம் உரிமை தராது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

7. மண்ணின் ஜாதகம்.

நம் பக்கம் டிகேடி பட்டா நிலம் நிறைய. நிலமில்லாதவர்களுக்கு அரசு கொடுத்தது. 1977 சட்டப்படி அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. 2023-ல் ஒரு திருத்தம் வந்து 20 வருடம் தாண்டியவற்றுக்கு வழி திறந்தார்கள், அடுத்து வந்த அரசு அதை மறுபரிசீலனைக்கு எடுத்தது. இந்தக் குழப்பத்துக்குள் உங்கள் சேமிப்பைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஊர் நடுவிலுள்ள பழைய வீடுகள் கிராமகண்டத்தில் இருக்கும். பலவற்றுக்குத் தனி சர்வே எண்ணோ பட்டாவோ இராது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் பழைய பத்திரமும்தான் சாட்சி. வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், என் வீடே அப்படிப்பட்டதுதான். ஆனால் பேங்க் அதற்குக் கடன் கொடுக்குமா என்று முதலில் கேளுங்கள்.

மறுசர்வே முடிந்த ஊர்களில் பழைய சர்வே எண் போய் எல்பிஎம் என்கிற நில வரைபட எண் வந்திருக்கிறது. சில இடத்தில் இரண்டு மூன்று பேருடைய நிலம் ஒரே எல்பிஎம்மில் கூட்டாக ஏறியிருக்கும். பத்திரத்திலுள்ள பரப்பும் புதிய பரப்பும் ஒத்துப்போகிறதா என்று கிராம சச்சிவாலயத்தில் சர்வேயரைப் பாருங்கள், டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். லேஅவுட் மனையில் கட்டிய வீடு என்றால் அங்கீகார எண்ணையும், கட்டட அனுமதி பிளானையும் கேளுங்கள். பிளானில் ஒரு மாடி, நேரில் இரண்டு மாடி என்றால் மேல் மாடிக்கு பேங்க் மதிப்புப் போடாது.

8. தண்ணீர், ஓடை, வழி.

மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுக் கூடவே நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் எந்த போரும் நன்றாகத்தான் வரும். நம் பூமியில் தண்ணீர் இல்லாத வீட்டை விலை குறைத்து வாங்கி, போர் மேல் போர் போட்டு அந்தப் பணத்தை இழந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. சித்திரை வைகாசியில் எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

மழைக்கும் பாருங்கள். 2021 நவம்பர் மழையில் திருப்பதி நகருக்குள் வெள்ளம் புகுந்ததும், ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ததும் மறக்கிற விஷயமா? பல வருடம் காய்ந்து கிடக்கிற ஓடை ஒரு ராத்திரியில் திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்கும். வீட்டுச் சுவரில் இடுப்பளவில் புதுச் சுண்ணாம்பு மட்டும் தனியாகத் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

9. விலை பேசுவது.

உச்சபட்சம் எவ்வளவு என்பதைக் கணவனும் மனைவியும் முந்தின ராத்திரியே நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். பேசுவதற்கு ஒருவர் போதும். இரண்டு பேர் பேசினால் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் விலையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குறை சொல்லி விலை குறைக்கப் பார்க்காதீர்கள். அந்த வீட்டில் அவர்கள் பிள்ளை பெற்றிருப்பார்கள், ஒரு கல்யாணம் செய்திருப்பார்கள். உங்கள் நோட்டில் எழுதிய பத்து வீட்டு விலையைச் சொல்லுங்கள், போருக்கும் கூரைக்கும் ஆகப்போகிற செலவைச் சொல்லுங்கள், பிறகு ஒரே தொகையாகக் கேளுங்கள். விற்கிறவருக்குப் பணம் எப்போது வேண்டும் என்று விசாரியுங்கள். பெண் கல்யாணத்துக்கு விற்கிறவருக்கு 50,000 கூடுதலாகக் கிடைப்பதைவிட முகூர்த்தத்துக்கு முன் முழுப் பணம் கிடைப்பது பெரிது.

பஞ்சாங்கத்தையும் கவனியுங்கள். தெலுங்குக் குடும்பம் ஆஷாடத்தில் பதிவு செய்யாது. தமிழ்க் குடும்பம் ஆடியில் செய்யாது. ஆஷாடம் நம் ஆடி அமாவாசையோடு முடிந்து அவர்களுக்குச் சிராவணம் நல்ல மாதமாகத் தொடங்கிவிடும், நமக்கு ஆவணி வரை பொறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் சில வருடம் ஒன்றரை மாதம் சும்மா போகும். அந்த நாட்களில்தான் வக்கீலைப் பார்ப்பதும் அளப்பதும் பேங்க் வேலையும் நிதானமாக நடக்கும்.

10. அச்சாரம் கொடுக்கும் காகிதம்.

வாய்ப்பேச்சில் பணம் கொடுக்காதீர்கள். முன்பணமாக 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கு 2015-லிருந்து வருமான வரிச் சட்டப்படி தடை, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். இதை விற்கிறவருக்கே எடுத்துச் சொல்லி செக்காகவோ பேங்க் மூலமோ கொடுங்கள். ஆந்திரத்தில் 1999 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். செலவுக்கு அஞ்சி வெறும் பத்திரத் தாளில் முடித்துவிடுகிறார்கள், பெரிய தொகை என்றால் அது வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். வக்கீல் பார்த்து உரிமையில் குறை சொன்னால் முன்பணம் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வரவேண்டும். இந்தச் சொத்தின் மேல் பேங்க் கடன் மறுத்தாலும் அப்படியே. இவற்றுக்குச் சம்மதிக்காதவர் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், சாவி எந்தத் தேதியில், பாக்கி வீட்டு வரியும் கரண்ட் பில்லும் யார் கட்டுவது என்பதையும் எழுதிவிடுங்கள்.

11. அண்ணன் மகன் அன்று அச்சாரம் போடவில்லை. தரகரிடம் கதவு எண்ணைக் கேட்டு வாங்கி, என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து போனில் ஈசி எடுத்தான். 2017-ல் ஓர் அடமானப் பதிவு இருந்தது, அது தீர்ந்ததாக வரி இல்லை. கேட்டதற்கு வீட்டுக்காரர் கடன் எப்போதோ கட்டியாயிற்று, ரத்துப் பத்திரம் போட மறந்துவிட்டோம் என்றார். உண்மையாகவே இருக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள், விலை இதுதான் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வந்தான். சித்தூர் பார்ட்டி வந்ததா இல்லையா, தெரியாது. வீடு இன்னும் விற்கவில்லை. நேற்று அவனும் அவன் மனைவியும் பான் கார்டில் ஓர் எழுத்தைத் திருத்த விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.